ஒதுங்கிவிடலாமா, அளந்து பழகலாமா?

மனிதர்கள் மீதே வெறுப்பு வந்துவிட்டவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

சுலபம்: ஒதுங்குவதற்கு அழைப்புகளை எடுக்காமல் விட்டால் போதும். அளந்து பழக ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும்.

இழப்பு: ஒதுங்கியவருக்கு ஏமாற்றம் இல்லை, காய்ச்சலில் படுத்தால் மருந்து வாங்கித் தரவும் ஆள் இல்லை. அளந்து பழகுபவர் அவ்வப்போது ஏமாறுவார், சிறிய அளவில்.

நாள்பட: இங்கேதான் வேறுபாடு பெரிது. 'எல்லாரும் இப்படித்தான்' என்ற முடிவைப் பொய்யாக்கும் ஒருவரைக்கூட ஒதுங்கியவர் சந்திக்க வழியில்லை. செய்திகள் வழியாக மட்டும் உலகைப் பார்த்தால் இன்னும் மோசம், கொடுமைதானே செய்தியாகிறது.

அளப்பது எப்படி? திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கடன் கொடுங்கள். வெளியே தெரிந்தாலும் பாதகமில்லாததை மட்டும் சொல்லுங்கள். நம்பிக்கையைக் காப்பாற்றினால் அடுத்த படி. மீறினால் உடனே ஒரு படி கீழே. மறுபடி ஒழுங்காக நடந்தால் பழையதைக் கிளறாதீர்கள். அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்செல்ராட் 1980-ஐ ஒட்டி, ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று முடிவெடுக்கும் நிரல்களை மோதவிட்டு நடத்திய கணினிப் போட்டிகளில் வென்ற உத்தியும் ஏறக்குறைய இதுதான்: முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி செய்ததையே செய்.

கொடுமை செய்தவரிடமிருந்து இப்போதுதான் மீண்டவருக்குச் சில வாரம் ஒதுங்குவதே சரி, திரும்பும் தேதியைக் குறித்துக்கொண்டு. மற்றவர்களுக்கு அளந்து பழகுவதையே சொல்வேன். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.