ஆன்லைன்ல ஃபின்னிஷ் உச்சரிப்பு கோர்ஸ் வாங்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டு வாங்குங்க

போச்சு, 249 யூரோ. திருப்பித் தர முடியாதுன்னு நேத்து ராத்திரி மெயில் வந்துடுச்சு. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். எதையெல்லாம் பாத்து வாங்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

ஹெல்சின்கிக்குப் பக்கத்துல மூர்மாகியில இருக்கேன். மூர்மாகின்னு நான் எழுதறதே தப்பு. அந்த 'மூ'வுல வர்றது ஊவும் இல்ல, ஈயும் இல்ல. ஃபின்னிஷ்ல அதுக்கு ஒய் எழுத்து, நமக்கு எழுத்தே கிடையாது. 'சூ'ன்னா வாய். அதே இடத்துல இந்தச் சத்தம் வந்தா காரணம்னு அர்த்தம். டேகேர் போற என் நாலு வயசுப் பொண்ணு அலட்டிக்காம சொல்றா. நான் சொன்னா சிரிக்கிறா. குடியுரிமைக்கு எழுதற ஒய்கேஐங்கற மொழிப் பரீட்சையோட பேரே இந்தச் சத்தத்துலதான் ஆரம்பிக்குது. பேச்சுப் பகுதியில ஹெட்செட் மாட்டி ரெக்கார்ட் வேற பண்ணுவாங்க.

அப்பத்தான் ஒரு உச்சரிப்பு ஆப்போட இலவச டெமோ கண்ணுல பட்டுச்சு. ஒரு அம்மா வீடியோவுல வந்தாங்க. "ஈ சொல்லுங்க, நாக்கை அசைக்காதீங்க, விசில் அடிக்கிற மாதிரி உதட்டை மட்டும் குவிங்க"ன்னாங்க. வந்துடுச்சுங்க! என் வாயிலயே வந்துச்சு! அவங்க கை தட்டினாங்க. அந்தக் கைதட்டல்லதான் விழுந்தேன். 21 நாள், வாரம் ரெண்டு நேரடி வகுப்பு, அதே டீச்சர், 249 யூரோ. அங்கேயே கார்டை எடுத்துட்டேன்.

அதுக்கப்புறம் அந்த அம்மாவைக் கண்ணுல பாக்கல. நாம பேசினா ஆப் மார்க் போடும், அவ்வளவுதான் கோர்ஸ். காரணம்னு சொல்லச் சொன்ன இடத்துல வேணும்னே வாய்னு சொன்னேன். பச்சை டிக், 94 சதவீதம். சந்தேகம் வந்து, சட்னி அரைக்கும்போது போனை மிக்ஸி பக்கத்துல வெச்சேன். மிக்ஸிக்கு 71! 'நல்ல முயற்சி'யாம்.

முதல் மெயிலுக்கு, டீச்சர் லீவுன்னு பதில். ரெண்டாவதுக்கு, வாய்த் தசை பழக நாளாகும், தினமும் 20 நிமிஷம் பயிற்சி பண்ணுங்கன்னு எனக்கே உபதேசம். மிக்ஸி ரெக்கார்டிங்கை அனுப்பினேன், அதுக்கு ஒரு ஸ்மைலி. காசைத் திருப்பிக் கேட்டதுக்கு நேத்து வந்த மெயில்ல, 'முதல் பாடத்தைத் திறந்துட்டீங்க, 14 நாளுக்குள்ள ரத்து பண்ற உரிமையை விட்டுக்கொடுக்க டிக் போட்டிருக்கீங்க'ன்னு. பாத்தா நிஜமாவே போட்டிருக்கேன், பணம் கட்டற பட்டனுக்கு மேல பொடி எழுத்துல. அடுத்த மாசம் பாப்பாவுக்குப் பனி பூட்ஸும் ஓவராலும் வாங்க வெச்சிருந்த காசு அந்த 249 யூரோ.

நுகர்வோர் ஆலோசனைக்கு எழுதிப் போட்டிருக்கேன், பாக்கலாம்.

சரி, பாத்து வாங்க வேண்டியது. டெமோவுல வேணும்னே தப்பா சொல்லிப் பாருங்க, திருத்தறாங்களான்னு. பொடி எழுத்து டிக்கைப் படிங்க. லைப்ரரிகள்ல மொழி கஃபே நடக்குது, காசு கிடையாது, மனுஷங்க எதிர்ல உக்காந்து பேசுவாங்க. முதல்ல அங்க போங்க. இன்னும் நாலஞ்சு சொல்லணும்னு இருந்தேன், டேகேர் மூடற நேரமாச்சு, கிளம்பறேன்.