எண்ணப்பட்டவர்களிடம் திரும்பி வராத கணக்கு: பேரிடருக்குப் பிந்தைய தேவைகள் மதிப்பீடு, ஒரு மதிப்புரை

நிலநடுக்கமோ வெள்ளமோ ஒரு நாட்டைப் புரட்டிப்போட்ட பிறகு, நிவாரணப் பொருள்கள் வந்து இறங்கிக்கொண்டிருக்கும் நாட்களிலேயே அரசின் முன் வேறொரு கேள்வியும் வந்து நிற்கிறது: எவ்வளவு போயிற்று, எதை முதலில் எழுப்புவது, அதற்கு எவ்வளவு பணம் வேண்டும்? இதற்கு விடை காண்பதற்காக ஐக்கிய நாடுகள் அமைப்பும் உலக வங்கியும் ஐரோப்பிய ஒன்றியமும் 2008-இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, அன்றுமுதல் கூட்டாக வழங்கிவரும் சேவையே ‘பேரிடருக்குப் பிந்தைய தேவைகள் மதிப்பீடு’. பாதிக்கப்பட்ட நாட்டின் அரசு கேட்டுக்கொண்டால்தான் இக்குழு வரும். பணிக்குத் தலைமை வகிப்பதும் அந்த அரசே. ஹைட்டி, நேபாளம், கேரளம், பாகிஸ்தான் ஆகிய இடங்களில் இம்முறையில் உருவான கணக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். வீட்டை இழந்த ஒரு குடும்பத்துக்கு இந்தச் சேவையால் என்ன கிடைக்கிறது என்பதே என் அளவுகோல்.

முதலில் நிறையைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது சிறியதன்று. இந்த முறை சேதத்தையும் இழப்பையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. ஒரு மீனவரின் படகு உடைந்தால், அதே போன்ற படகை மீண்டும் செய்ய ஆகும் செலவு சேதம். படகு கைக்கு வரும்வரை அவர் கடலுக்குப் போகாத நாட்களின் வருமானம் இழப்பு. பள்ளிக் கட்டடம் இடிந்தது சேதம். புதிய கட்டடம் எழும்வரை கொட்டகைக்குக் கொடுக்கும் வாடகை இழப்பு. லத்தீன் அமெரிக்காவுக்கும் கரீபியப் பகுதிக்குமான ஐ.நா. பொருளாதார ஆணையம் 1970-களிலிருந்து வளர்த்தெடுத்த இந்தப் பாகுபாடு, கேட்பதற்கு எளிமையானது. ஆனால் இடிந்த சுவர்களை மட்டும் எண்ணிப் பழகிய நிர்வாகத்தின் பார்வையையே மாற்றக்கூடியது. 2022-இல் பாகிஸ்தானை மூழ்கடித்த வெள்ளத்துக்குப் பின் வந்த மதிப்பீட்டில் சேதம் ஏறக்குறைய 1,490 கோடி டாலர். இழப்போ அதையும் விஞ்சி 1,520 கோடி டாலர். கண்ணுக்குத் தெரியும் இடிபாடுகளோடு கணக்கை நிறுத்தியிருந்தால், மக்கள் பட்ட துன்பத்தில் பாதி ஏட்டில் ஏறாமலே போயிருக்கும்.

இன்னொரு நிறை, பலரையும் ஒரே எண்ணின் முன் உட்கார வைப்பது. வேளாண் துறை ஒரு தொகை, பொதுப்பணித் துறை ஒரு தொகை, வந்திறங்கிய தொண்டு நிறுவனங்கள் ஆளுக்கொரு தொகை என்று சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில், வீடு, கல்வி, உடல்நலம், வேளாண்மை, சாலை, மின்சாரம், குடிநீர் அனைத்தையும் ஒரே இலக்கணத்தில் எழுதிய ஆவணம் பேச்சுவார்த்தை மேசையில் அரசின் கையை வலுப்படுத்துகிறது. பாகிஸ்தானின் மீட்சித் தேவை 1,630 கோடி டாலர் என்ற கணக்கு இருந்ததால்தான், 2023 ஜனவரியில் ஜெனீவாவில் கூடியவர்கள் 900 கோடி டாலருக்கு மேல் தருவதாக வாக்குறுதி அளித்தார்கள் என்று கருதுகிறேன். அதில் பெரும்பகுதி கடன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குறை, அளக்கும் கோலிலேயே தொடங்குகிறது. எல்லாவற்றையும் பணத்தால் அளக்கும்போது, அதிகம் வைத்திருந்தவர் அதிகம் இழந்தவராகத் தெரிகிறார். மாடி வீட்டின் ஒரு பக்கச் சுவர் விழுந்தால் எழுதப்படும் தொகை, ஓலைக் குடிசை முழுவதும் அடித்துச் செல்லப்பட்டால் எழுதப்படும் தொகையைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆனால் முதலாமவர் வீட்டைப் பழுது பார்க்கிறார், இரண்டாமவருக்குத் தலைக்கு மேல் ஒன்றுமில்லை. இரண்டு ஆடுகளை நம்பிப் பிழைத்த ஒரு கைம்பெண்ணுக்கு அந்த ஆடுகள் போனது முழு வாழ்வாதாரமும் போனதாகும். கால்நடைச் சேதப் பட்டியலில் அது கடைசி இலக்கத்தைக்கூட அசைக்காது. மனிதர்கள் மீதான பாதிப்பு என்ற தனிப் பகுதி இம்முறையில் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நிதி ஒதுக்கும் கூட்டத்தில் எல்லோரும் திறந்து பார்ப்பது தொகைகள் உள்ள அட்டவணையைத்தான். வாடகைக்கு இருந்தவர்கள், பிறர் நிலத்தில் குடியிருந்தவர்கள், பதிவேதும் இல்லாத சிறு தொழில் செய்தவர்கள் ஆகியோரின் கதை அந்த அட்டவணைக்குள் வருவதேயில்லை.

இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதை நேபாளத்தைவிடத் தெளிவாக வேறெங்கும் காண முடியாது. 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலம் நடுங்கியது. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். 5 லட்சம் அளவுக்கு வீடுகள் முற்றிலும் இடிந்தன. தேசியத் திட்ட ஆணையத்தின் தலைமையில் மதிப்பீடு இரண்டே மாதங்களில் முடிந்தது. சேதமும் இழப்பும் சேர்ந்து 70,600 கோடி நேபாள ரூபாய் என்றும், அதில் பாதியளவு வீடுகளைச் சார்ந்தது என்றும் அது சொன்னது. இத்தனை விரைவாக, இத்தனை விரிவாக நடந்த பணியை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டிய மறுகட்டமைப்பு ஆணையம் தலைவருடன் இயங்கத் தொடங்கியபோது டிசம்பர் மாதம் முடியப்போயிற்று. மலைக் கிராமங்களில் தகரக் கொட்டகைகளின் கீழ் மக்கள் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் வந்த வீட்டு மானியம் 3 லட்சம் ரூபாய், மூன்று தவணைகளில். அடித்தளம் போட முதல் தவணை. பொறியாளர் வந்து பார்த்து, நிலநடுக்கத்தைத் தாங்கும் விதிகளின்படி கட்டியிருப்பதாகச் சான்றளித்தால் அடுத்த தவணை. கட்டுபவர் வீட்டுக்காரரே என்ற இக்கொள்கை நல்லது. 2001-இல் குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின்னும் இதே வழியில் ஏராளமான வீடுகள் எழுந்தன. ஆனால் நிலப் பத்திரம் இல்லாதவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே வழியின்றி நின்றார்கள். தவணைகளுக்கு இடையே கல்லும் மணலும் வாங்கவும் கொத்தனாருக்குக் கூலி கொடுக்கவும் பலர் வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். இவற்றுக்கெல்லாம் மதிப்பீட்டைக் குற்றம் சொல்வது முறையாகாது. எனினும், எந்தக் குடும்பத்திடம் பத்திரம் இல்லை, எந்த மலைப்பாதையில் சிமெண்ட் மூட்டை ஏற எத்தனை நாளாகும், பயிற்சி பெற்ற கொத்தனார்கள் எத்தனை பேர் தேவை என்பவற்றை அந்த ஊர்க்காரர்களே முதல் மாதத்தில் சொல்லியிருப்பார்கள். அவர்களிடம் வீட்டின் பரப்பளவைக் கேட்கச் செலவிட்ட நேரத்தில் இதையும் கேட்டிருக்கலாம்.

விரைவு மட்டுமே வேண்டுமென்றால் வேறு வழிகள் உள்ளன. 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் நிலநடுக்கம் நேர்ந்த மூன்று வாரங்களுக்குள், நேரடிக் கட்டுமானச் சேதம் 3,420 கோடி டாலர் என்று உலக வங்கி தொலைவிலிருந்தே கணித்துச் சொன்னது. முதல் முடிவுகளுக்கு அது போதும். வாழ்வாதாரத்தைப் பற்றி அதனிடம் கேட்க எதுவுமில்லை.

இந்த மதிப்பீடு எவ்வளவு நம்பத்தக்கது என்பது, பேரிடருக்கு முன் என்ன இருந்தது என்ற அடிப்படைத் தரவைப் பொறுத்தது. 2010-இல் ஹைட்டியில் நேர்ந்த நிலநடுக்கத்தில் தேசிய மாளிகையும் பெரும்பாலான அமைச்சகக் கட்டடங்களும் இடிந்து, அரசு ஊழியர்களே இடிபாடுகளுக்குள் மாண்டபோது, இருந்த பதிவேடுகளைத் தேடிச் சேர்ப்பதே பெரும் பாடாக இருந்திருக்கும். அந்நிலையிலும், 2009-இல் நாடு ஈட்டிய மொத்த உற்பத்தியைவிட அதிகமாக, சேதமும் இழப்பும் சேர்ந்து 780 கோடி டாலர் என்ற கணக்கு எழுந்தது உழைப்பின் சாதனையே. வீடுகள், குத்தகைதாரர்கள், கிணறுகள், படகுகள் பற்றிய பதிவேட்டை அமைதிக் காலத்தில் புதுப்பித்து, ஒரு பிரதியை வேறு ஊரில் பாதுகாக்கும் அரசுக்கு இச்சேவை இருமடங்கு பயன் தரும்.

நிதி அமைச்சகத்துக்கும் நன்கொடை நாடுகளைச் சந்திக்கப் போகும் அதிகாரிக்கும் இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். மாவட்ட நிர்வாகமும் ஊராட்சியும் இதை மட்டும் நம்பி மறுகட்டமைப்பில் இறங்க வேண்டாம். இதை வழங்குவோரிடமும் கேட்டு வாங்கும் அரசுகளிடமும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அறிக்கை தலைநகரில் வெளியாகும் நாளிலேயே, ஒவ்வோர் ஊரைப் பற்றியும் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்ற ஒரு பக்கம் அந்த ஊர் மக்களின் மொழியில் பொதுவிடத்தில் ஒட்டப்பட வேண்டும்; விடுபட்ட பெயரையும் தவறான தொகையையும் சுட்டிக்காட்ட அவர்களுக்கு ஒரு மாதம் தர வேண்டும்; அவ்வாறு திருத்தப்பட்ட கணக்கின் மீதுதான் முதல் தவணை வழங்கப்பட வேண்டும்.