டியூஷனா, கூடிப் படிப்பதா, சீனியர் துணையா?

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் பள்ளி முடித்துப் பாலக்காட்டில் பொறியியல் சேரும் பிள்ளைக்குப் பாடம் ஆங்கிலத்தில், வகுப்புத் தோழர்களின் பேச்சு மலையாளத்தில். கணக்கும் மெக்கானிக்ஸும் அதற்குப் பிறகுதான். தேறாமல் போன பாடத்துக்கு இங்கே சப்ளி என்று பெயர், வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அரியர். பெயர் எதுவானாலும் அது விழுந்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு டியூஷன்.

தேர்வுக்கு ஒரு மாதமே இருக்கிறது என்றால் டியூஷனுக்கே போகட்டும். பழைய வினாத்தாள்களைப் பலகையில் போட்டுக் காட்டுவார்கள், தேறிவிடலாம். ஆனால் கணக்கைப் போடுவது ஆசிரியரின் கை. அடுத்த செமஸ்டரில் மறுபடியும் அதே வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

கூடிப் படிப்பதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு ஞாயிறு, நான்கு மாணவர்கள். சாய்தளத்தில் ஒரு கட்டை, அதை மேல்நோக்கி இழுக்கும் கயிறு. கட்டை மேலே நகரத் தொடங்கும் கணத்தில் இழுவிசை எவ்வளவு? மூவர் உராய்வு விசையின் திசை காட்டும் அம்பைக் கீழ்நோக்கிப் போட்டார்கள், ஒரு மாணவி மட்டும் மேல்நோக்கி. “கட்டை சறுக்கும்தானே, உராய்வு அதைத் தடுக்க வேண்டாமா?” என்றாள். மூவருக்கும் விடை சரி. காரணம் சொல்லத்தான் வாய் வரவில்லை. கடைசியில் சாய்த்து வைத்த பலகைமேல் ஒரு புத்தகத்தை வைத்து, நூல் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். மேலே நகரப் போகும் பொருளுக்கு உராய்வு கீழ்நோக்கி. சறுக்காமல் தாங்கும் அளவுக்கு மட்டும் இழுத்தால் மேல்நோக்கி. அவள் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. அத்தனை விவாதமும் தமிழில் நடந்தது. வகுப்பில் அவள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

இதற்கும் நோய் உண்டு. ஒருவன் போட, மூவர் பார்த்து எழுதினால் அது படிப்பே இல்லை. 1970களில் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணிதவியலாளர் கால்குலஸ் மாணவர்களைக் கவனித்தார். சீன வம்சாவளி மாணவர்கள் தனியே கணக்குகளை முயன்றுவிட்டு, பிறகு கூடி ஒருவர் விடையை மற்றவர் சோதித்தார்கள். கறுப்பின மாணவர்களும் உழைத்தார்கள், ஆனால் பெரும்பாலும் தனியாகவே. அவர் பிறகு நடத்திய குழுக்களில் கொடுத்தது கடினமான கணக்குகள். தேறாதவர்களுக்கான எளிய பயிற்சி அல்ல. எனக்கு இதில் பிடித்தது அந்த மரியாதை.

மூன்றாவது வழி சீனியர் துணை. 1973இல் மிசோரி-கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் இதற்கு ஒரு முறை வகுத்தார். பாடத்தில் நன்றாகத் தேறிய மூத்த மாணவர் மறுபடியும் அதே வகுப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிறகு இளையவர்களோடு அமர்வார். கடினமான பாடம் என்றுதான் அடையாளமிடுவார்கள், மந்தமான மாணவர் என்று எவரையும் அல்ல. அதனால் வருவதற்கு எவருக்கும் கூச்சமில்லை. இங்கே அண்ணனோ சேட்டனோ வந்தால் பெரும்பாலும் தானே சாக்பீஸை எடுத்துவிடுகிறார். அது இன்னொரு டியூஷன், கட்டணம் மட்டும் இல்லை.

எனவே நான் தேர்ந்தெடுப்பது திண்ணையில் கூடிப் படிப்பதைத்தான். நான்கு பேர் போதும், ஐந்தாவது ஆள் வேடிக்கை பார்ப்பார். இரண்டு கணக்கையாவது தனியே முயன்ற நோட்டு இல்லாமல் எவரும் உட்காரக் கூடாது. சீனியர் மாதம் இருமுறை வரட்டும். கேள்வி கேட்கட்டும், பேனாவைத் தொட வேண்டாம். நால்வரில் ஒருவராவது மலையாளம் பேசுபவராக இருந்தால் இன்னும் நல்லது. அந்த மொழியும் கணக்கோடு சேர்ந்தே பழகிவிடும்.