வெங்கர் பேனாக்கத்திகள்: மூடும் சத்தத்தைக் கேட்டு வாங்குங்கள்

1991இல் சுவிஸுக்கு வந்த எனக்கு முதல் வேலை பீல் நகரத்து உணவகம் ஒன்றின் சமையலறையில். கோப்பை கழுவுவது, உருளைக்கிழங்கு உரிப்பது. இரண்டாவது நத்தாருக்கு அங்கிருந்த தலைமைச் சமையற்காரர் தன் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாக்கத்தியை எடுத்து என் கையில் வைத்தார். பாவித்த கத்திதான். பிடியில் இருந்த வெள்ளைச் சிலுவையைச் சுற்றி முனை மழுங்கிய ஒரு சதுரம். கேடயம் போட்டது விக்டோரினாக்ஸ் கம்பனி, சதுரம் போட்டது வெங்கர் கம்பனி என்பது எனக்குத் தெரியவந்தது பல வருடங்களுக்குப் பிறகு. இன்றைக்கு என்னிடம் வெங்கர் மட்டும் 63 இருக்கின்றன. வாங்க நினைக்கும் தம்பிமார் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன்.

சுவிஸ் ராணுவக் கத்தி என்றால் ஒரே கம்பனி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஷ்விட்ஸ் மாநிலத்து ஈபாக்கில் விக்டோரினாக்ஸ். ஜூரா பக்கம் டெலமோனில், 1893இல் தொடங்கிய வெங்கர். 1908இலிருந்து ராணுவம் இரண்டு பேரிடமும் பாதிப் பாதியாக வாங்கியது. ஜெர்மன் பேசும் பக்கத்துக்கு ஒரு பங்கு, பிரெஞ்சு பேசும் பக்கத்துக்கு ஒரு பங்கு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானத்தில் கையோடு கத்தி கொண்டுபோக முடியாமல் போனதும் விமான நிலையக் கடைகளில் விற்பனை விழுந்தது. 2005இல் விக்டோரினாக்ஸ் வெங்கரை வாங்கியது. 2013இல் வெங்கர் என்ற பெயரில் இனிக் கத்தி வராது என்று அறிவித்தார்கள். பெயர் இப்போது கைக்கடிகாரத்திலும் பயணப் பைகளிலும் இருக்கிறது. சில மாதிரிகள் மட்டும் விக்டோரினாக்ஸ் சின்னத்தோடு 'டெலமோன்' வரிசையாகத் தொடர்ந்தன.

சரி, நிறுத்திவிட்ட கத்தியை ஏன் தேடி வாங்க வேண்டும்? என் பதில் ஒன்றுதான்: கத்திரிக்கோல்.

விக்டோரினாக்ஸ் கத்திரிக்கோலில் ஒரு மெல்லிய தகட்டு வில் தனியாக இருக்கும். நல்ல கத்திரிக்கோல்தான், ஆனால் நாள்போக்கில் அந்த வில் முறியலாம். மாற்றிப் போடலாம் என்றாலும் அது ஒரு வேலை. வெங்கரில் அந்தத் தகடு கிடையாது. கத்திரியின் கையே நெம்புகோல் மாதிரிக் கத்தியின் முதுகு வில்லில் போய் அழுத்தித் திரும்பி வரும். அதோடு வெட்டும் விளிம்பில் நுண்ணிய பற்கள் உண்டு. மீன்பிடி நரம்பு, பிளாஸ்டிக் பட்டி எதை வைத்தாலும் வழுக்கி வெளியே ஓடாது. சமையற்காரர் தந்த கத்தியில் முப்பது வருடமாகக் கறிவேப்பிலைப் பொதியும் பால் பெட்டியும் வெட்டுகிறேன். அந்தக் கத்திரிக்கோல் ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

ரின் வெட்டியும் வேறு மாதிரி. விக்டோரினாக்ஸில் முன்னோக்கித் தள்ளி வெட்டுவோம், வெங்கரில் பின்னோக்கி இழுத்து. எனக்கு இழுப்பதுதான் கைக்கு வசதி. ரின்மீனுக்கு இப்போது வளையம் வந்துவிட்டது, ஆனால் தேங்காய்ப்பால் ரின் பலதுக்கு இன்னும் இல்லையே.

வரிசையில் எதை வாங்கலாம்? முதலில் 85 மில்லிமீட்டர் நீளக் கத்தி. அதிலும் பிடி வளைந்து உள்ளங்கையோடு பொருந்தும் எவல்யூஷன் மாதிரி. ஒரு மணி நேரம் மரம் சீவினாலும் கையில் தழும்பு விழாது. மூடி திறப்பானின் நுனியில் இருக்கும் திருப்புளியை அழுத்தினால் அது தானே பூட்டிக்கொள்ளும், விரலில் மடங்காது. இப்படி ஒரு சின்ன விஷயத்தை யோசித்துச் செய்தவர்களை நான் மனதார மதிக்கிறேன். திறப்புக் கோர்வைக்கு 65 மில்லிமீட்டர் எஸ்கொயர். 87 கருவிகளும் 141 பயன்பாடுகளும் கொண்ட ராட்சதக் கத்தியைப் பற்றியும் கேட்கிறார்கள். அது கண்ணாடிப் பெட்டிக்கான பொருள். அந்தக் காசுக்கு இருபது நல்ல கத்தி வாங்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 1961 மாதிரிச் சிப்பாய்க் கத்தி. அலுமினியப் பிடி, சின்னச் சிவப்புக் கேடயம், ஒரு அலகு, துளை போடும் ஊசி, ரின் வெட்டி, மூடி திறப்பான். அவ்வளவுதான். 2008 வரை வந்தது. இதை மட்டும் இரண்டு கம்பனியும் அதே கேடயத்தோடு செய்ததால் வெளியிலிருந்து பார்த்தால் பிரித்தறிவது கடினம். அலகின் அடியில் உள்ள முத்திரையைப் படிக்க வேண்டும். பக்கத்தில் ஆண்டும் இரண்டு இலக்கத்தில் இருக்கும்.

வாங்க நல்ல இடம் புரோக்கி என்ற பழைய சாமான் கடைதான். சனிக்கிழமை காலையில் போனால் கரண்டிகளுக்கு நடுவே கிடக்கும். என் எஸ்கொயர் ஒன்று ஐந்து பிராங்குக்கு அப்படித்தான் கிடைத்தது. இணையத்தில் நான் ஒருமுறை ஏமாந்தேன். 'பாவிக்காதது' என்று ஒருவர் 90 பிராங்குக்கு விற்றார். வந்த கத்தியின் பிடி மட்டும்தான் புதிது, உள்ளே அலகு தீட்டித் தீட்டி மெலிந்துபோயிருந்தது. படத்தில் கத்தியை மூடியே காட்டியிருந்தார். ஆகவே எல்லாக் கருவியையும் திறந்து வைத்த படம் கேளுங்கள். அலகின் நுனி மூடிய நிலையில் பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நிறையத் தீட்டியிருக்கிறார்கள். கையில் எடுக்க முடிந்தால் திறந்து மூடிக் காதைக் கொடுங்கள். நல்ல வெங்கர் 'டக்' என்று ஒரே சத்தத்தில் மூடும். மந்தமாகச் சாய்ந்தால் உள்ளே அழுக்கு. அதை வெந்நீரில் கழுவி எடுத்துவிடலாம். பக்கவாட்டில் ஆடினால் ஆணி தளர்ந்திருக்கிறது, விட்டுவிடுங்கள்.

கழுவிக் காயவைத்த பிறகு மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஊரில் பழகிய கை அதைத்தான் தேடும், ஆனால் இங்கத்தைய குளிரில் உறைந்து கத்தியே திறக்காது. நானே ஒரு மாரி முழுக்க அப்படிப் போராடினேன்.

இன்னொன்று. ஊருக்குப் போகும்போது திறப்புக் கோர்வையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த எஸ்கொயர் விமான நிலையச் சோதனையில் போய்விட்டது. திரும்பிப் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வரவும் விடவில்லை. அதே நிறத்தில் வேறொன்று வாங்கினேன், ஆனால் அது அவள் தந்தது இல்லை.

இப்போது தேடுவது ஒன்றே ஒன்று: நான் வந்த வருடமான 91 முத்திரையுள்ள வெங்கர் சிப்பாய்க் கத்தி. விக்டோரினாக்ஸில் இரண்டு கிடைத்துவிட்டன. பிடி எவ்வளவு கீறியிருந்தாலும் பரவாயில்லை, கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.