‘ஹாமர் அவுட்’, ‘அயர்ன் அவுட்’: எதை எங்கே எழுதுவது?

பேச்சுவார்த்தை பற்றிய ஆங்கிலச் செய்திகளில் ‘ஹாமர் அவுட்’, ‘அயர்ன் அவுட்’, ‘திராஷ் அவுட்’ ஆகிய மூன்று கூட்டுவினைகளும் அடிக்கடி வருகின்றன. மூன்றையும் ‘பேசித் தீர்த்தல்’ என்று பெயர்த்துவிடலாம் என்று தோன்றினாலும், ஒவ்வொன்றும் ஏற்கும் செயப்படுபொருளைக் கவனித்தால் வேறுபாடு புலப்படும்.

‘ஹாமர் அவுட்’ பேச்சின் விளைவை ஏற்கும்: உடன்பாடு, ஒப்பந்தம், சமரசம். சுத்தியலால் அடித்து அடித்து உலோகத்துக்கு வடிவம் தருவதைப் போன்ற நீண்ட உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. 1978 செப்டம்பர் 5 முதல் 17 வரை அமெரிக்க அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டில் நடந்த அமைதிப் பேச்சு இதற்கு மிகப் பொருத்தமான சான்று. எகிப்து அதிபர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் நேருக்கு நேர் பேசியபோது மோதலே மிஞ்சியதால், அமெரிக்க அதிபர் கார்ட்டர் இருவரையும் தனித்தனியே சந்தித்து, ஒரே வரைவைத் திரும்பத் திரும்பத் திருத்தி உடன்பாட்டை உருவாக்கினார்.

‘அயர்ன் அவுட்’ விளைவை ஏற்காது, தடைகளையே ஏற்கும். துணி ஏற்கெனவே இருக்கிறது, சுருக்கம் மட்டுமே நீங்க வேண்டும் என்பது அதன் உட்கிடை. எனவே ‘உடன்பாட்டை அயர்ன் அவுட் செய்தனர்’ என்பது பொருந்தாது. கருத்து வேறுபாடுகள், சிறு சிக்கல்கள் ஆகியவற்றுடனேயே அது இயல்பாகச் சேரும். கேம்ப் டேவிட்டுக்குப் பின், 1979 மார்ச் 26 அன்று அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரையிலான ஆறு மாதங்களுக்கு இந்த வினையைப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. பாலஸ்தீனத் தன்னாட்சிக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள தொடர்பு, இஸ்ரேல் வசமிருந்த எகிப்தின் சினாய் தீபகற்பத்து எண்ணெய் போன்ற பெரும் பிணக்குகள் அப்போதும் எஞ்சியிருந்தன. கார்ட்டரே கெய்ரோவுக்கும் ஜெருசலேமுக்கும் செல்ல நேர்ந்தது. அவற்றைச் சுருக்கங்கள் என்பது அந்த உழைப்பைக் குறைத்துக் காட்டுவதாகும்.

கதிரடித்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த ‘திராஷ் அவுட்’ சிக்கல், தீர்வு இரண்டையும் ஏற்கும். காரசாரமான விவாதத்தை அது உணர்த்துகிறது. பிரித்தானிய வழக்கில் மிகுதியாக வரும் இதற்கு ஈடாக அமெரிக்கர் ‘ஹாஷ் அவுட்’ என்பர்.

இலக்கணத்தில் மூன்றும் ஒன்றே. பெயர்ச்சொல் ‘அவுட்’டுக்கு முன்னும் பின்னும் வரலாம், ‘இட்’ போன்ற சுட்டுப்பெயர் மட்டும் நடுவில்தான் நிற்க வேண்டும். ‘ஹாமர் இட் அவுட்’ என்பதே சரி, ‘ஹாமர் அவுட் இட்’ என்பது பிழை.