ஒரே கணினி, மூன்று பயனர்கள்: சிங்க்திங்குடன் சில வருடங்கள்

எங்கள் வீட்டு விண்டோஸ் கணினியில் அப்பா, மனைவி, நான் என மூன்று கணக்குகள். மூன்றிலும் சில வருடங்களாக சிங்க்திங் ஓடுகிறது; போன், கணினி போன்ற கருவிகளுக்கிடையே ஃபைல்களை நேரடியாக ஒத்திசைக்கும் மென்பொருள் இது. அவரவர் போனில் எடுக்கும் படங்கள் வீட்டு வைஃபை வழியாகவே அவரவர் ஃபோல்டருக்கு வந்துவிடும். கிளவுடில் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. இதற்காகவே யார் கேட்டாலும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் பலர் பகிரும் கணினி என்றால் ஒரு விஷயத்தை முதலிலேயே சரிசெய்துவிட வேண்டும்.

எங்களுக்கு அது தெரியவந்தது அப்பாவால்தான். "ஏம்ப்பா, என் படம் ஒண்ணையும் காணோம், மருமக ஃபோல்டர்தான் தெரியுது" என்றார். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும், இரண்டு நாளில் மறுபடி வரும். அதனால் வைஃபை மேலும் ரௌட்டர் மேலும் சந்தேகம் போனது.

காரணம் வேறு. 'சுவிட்ச் யூசர்' கொடுத்துக் கணக்கு மாறினால் முந்தையவரின் புரோகிராம்கள் நிற்பதில்லை, பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். பிரவுசரில் சிங்க்திங்கின் அமைப்புப் பக்கம் திறக்கும் 127.0.0.1 என்ற முகவரியோ ஆளுக்கு ஒன்று கிடையாது, கணினி முழுவதற்கும் ஒன்றுதான். முதலில் லாகின் செய்தவருடைய சிங்க்திங் அந்த முகவரியின் 8384 போர்ட்டை, அதாவது இணைப்பை ஏற்கும் எண்ணிட்ட வாசலை, பிடித்துக்கொள்ளும். அடுத்தவருடையது போர்ட் கிடைக்காமல் நின்றுவிடும். அவர் பிரவுசரில் அதே முகவரியைத் திறந்தால் முதல் ஆளின் பக்கம் வந்து நிற்கும். பாஸ்வேர்ட் வைக்கவில்லையென்றால் அங்கே ஃபோல்டரை நீக்கவும் முடியும், புதுக் கருவியைச் சேர்க்கவும் முடியும். படம் வராததைவிட எனக்கு இதுதான் கவலையாக இருந்தது.

முதல்முறை ஓடும்போது 8384 காலியாக இல்லையென்றால் சிங்க்திங் தானே வேறு போர்ட்டை எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் வெவ்வேறு நாட்களில் நிறுவியதால் மூவருக்கும் அதே எண் அமைந்துவிட்டது. உறுதிசெய்வது எளிது: எந்தப் போர்ட் யாரிடம் இருக்கிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையில் 8384-ஐ வைத்திருக்கும் பிராசஸ் (ஓடும் புரோகிராம்) எண்ணைப் பார்த்து, அட்மின் உரிமையோடு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அது யாருடைய கணக்கில் ஓடுகிறது என்று தெரியும்.

தீர்வு, ஆளுக்கு ஒரு போர்ட். அப்பாவுக்கு 8384, மனைவிக்கு 8385, எனக்கு 8386. மூவருக்கும் பாஸ்வேர்ட். அப்புறம் ஒத்திசைவுக்கான 22000 போர்ட்டையும் இதேபோல 22001, 22002 என்று பிரித்தோம். இதை விட்டுவிட்டால் புரோகிராம் நிற்காது, ஆனால் வெளியிலிருந்து வரும் நேரடி இணைப்பை ஏற்காது. பாதி வேலை செய்யும் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு.

வெளி இணைப்புகளை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வாலையும் கவனிக்க வேண்டும். அனுமதி புரோகிராமின் எக்ஸி ஃபைல் இருக்கும் இடத்தை வைத்துத்தான் தரப்படுகிறது. ஆளுக்கொரு பிரதி என்றால் மூன்று அனுமதி வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸில் ஒரே பிரதியாக வைத்தால் ஒன்று போதும், ஆனால் சாதாரணக் கணக்கிலிருந்து அது தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ள முடியாது. நான் ஒரே பிரதியாக வைத்து, அப்டேட்டை அட்மின் கணக்கில் நானே செய்கிறேன்.

எல்லாருக்கும் சேர்த்து ஒரே சர்வீஸாக, அதாவது யாரும் லாகின் செய்யாமலே பின்னணியில் ஓடும் புரோகிராமாக, ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. அப்போது கருவி அடையாளமும் (மற்ற கருவிகள் இதை அறிந்துகொள்ளும் எண்) அமைப்புப் பக்கமும் எல்லாருக்கும் பொதுவாகிவிடும். அவரவர் கணக்கு என்று பிரித்ததற்கே அர்த்தம் இருக்காது.

அப்பாவுக்குச் சொல்லி வைத்திருப்பது ஒன்றுதான்: எழுந்து போகும்போது 'சைன் அவுட்' வேண்டாம், 'சுவிட்ச் யூசர்' கொடுங்கள். சைன் அவுட் செய்தால் அவருடைய சிங்க்திங்கும் நின்றுவிடும், அடுத்த லாகின் வரை படம் வராது.