முழங்கால் தேய்மானத்துக்குக் காந்த சிகிச்சை: என் மூன்று வருட அனுபவம்

படி ஏறும்போது வராத வலி இறங்கும்போது வந்தது. எனக்கு மூட்டுத் தேய்மானம் அப்படித்தான் தொடங்கியது. அப்போது வயது 54, வலது முழங்கால். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "இரண்டாம் நிலைதான், ஆபரேஷன் எல்லாம் வேண்டாம். எடையைக் குறையுங்கள், பிசியோதெரபிக்குப் போங்கள்" என்றார். நான் அதை விட்டுவிட்டு முதலில் காந்த பெல்ட் வாங்கினேன்.

ஒரு பொருட்காட்சிக் கடையில் 1,800 ரூபாய். தேய்ந்த ஜவ்வு திரும்ப வளர்ந்துவிடும் என்றார் விற்றவர். பெல்ட்டுக்குள் நாணயம் போலப் பன்னிரண்டு காந்த வில்லைகள். அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து துணி மடித்தால் புடவை ஊக்கு தாவி வந்து ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு இழுக்கிறதே, மூட்டுக்குள்ளும் ஏதோ செய்யும் என்று எட்டு மாதம் நம்பிக் கட்டினேன். கட்டியிருக்கும்வரை கதகதப்பாக, பிடிமானமாக இருக்கும். கழற்றினால் பழைய வலி. ஒருநாள் தங்கையின் சாதாரண முழங்கால் உறையை (நீ கேப்) மாட்டிப் பார்த்தேன். அதே இதம்! அதுவரை இதம் தந்தது துணிதான்.

பணம் போனதைவிட அந்த எட்டு மாதம் போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அதன்பிறகுதான் பிசியோதெரபிக்குப் போனேன். அங்கே பிசியோதெரபிஸ்ட் இன்ச் டேப்பை வைத்து இரண்டு தொடையையும் அளந்தார். வலது தொடை 2 செ.மீ. இளைத்திருந்தது. வலிக்குப் பயந்து அந்தக் காலை ஊன்றாமலே நடந்திருக்கிறேன். தொடைத் தசை பலமிழந்தால் முழங்காலுக்கு வேறு தாங்கல் ஏது?

அங்கே கொடுத்த காந்த சிகிச்சை வேறு. பெரிய வளையத்துக்குள் காலை நீட்டிப் படுக்க வேண்டும். அரை மணி நேரம். சூடும் இல்லை, சுருக்கும் இல்லை, மெல்லிய இரைச்சல் மட்டும். முதல் நாள் மிஷினைப் போடவே இல்லையோ என்று கேட்டுவிட்டேன். பெல்ட்டில் இருப்பது மாறாத காந்தம். இந்த வளையத்தில் காந்தப்புலம் விட்டுவிட்டுத் துடிக்கிறது. மாறும் காந்தப்புலம்தான் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று விஞ்ஞானி ஃபாரடே 1831லேயே காட்டியிருக்கிறார். கூடாமல் நிற்கும் எலும்பு முறிவுக்கு இந்தத் துடிப்புக் காந்த முறையை அமெரிக்காவில் 1979லேயே அனுமதித்தார்கள்.

மூட்டுத் தேய்மானத்துக்கு இது எவ்வளவு உதவும்? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் குழு 2013இல் 9 ஆய்வுகளை, மொத்தம் 636 பேரை, சேர்த்துப் பார்த்தது. போலி சிகிச்சை பெற்றவர்களைவிட, நூறு புள்ளி அளவுகோலில் வலி சுமார் 15 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் நடமாட்டத்தில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. என் காலும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. பத்து சிட்டிங் முடிந்ததும் படியிறங்கும் வலி பத்துக்கு ஏழிலிருந்து ஐந்துக்கு வந்தது. ஊருக்குப் போய் மூன்று வாரம் அங்கே சொல்லிக்கொடுத்த பயிற்சியை விட்டேன், மறுபடி ஏழு.

"அம்மா, மிஷின் வலியைக் கொஞ்சம் குறைக்கும். அந்த நேரத்துல தொடையைப் பலப்படுத்திக்கணும், அது உங்க கையிலதான் இருக்கு" என்றார் பிசியோதெரபிஸ்ட். இரண்டாவது சுற்றில் அப்படியே செய்தேன். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து ஐந்து விநாடி அழுத்துவது, காலை மடக்காமல் தூக்குவது, நாற்காலியில் கைபிடிக்காமல் எழுந்து உட்காருவது. காலையும் மாலையும். அப்புறம் எடை: 74லிருந்து 68 கிலோ. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறதாம். அந்தக் கணக்குதான் என்னை ராத்திரிச் சோற்றை அளந்து சாப்பிட வைத்தது.

பேஸ்மேக்கர், காதுக்குள் ஆபரேஷன் செய்து பொருத்தும் கருவி, இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் அந்த வளையத்துக்குள் காலை வைக்கவே கூடாது. என்னை ஒரே ஒரு இடத்தில்தான் இதையெல்லாம் கேட்ட பிறகு படுக்கச் சொன்னார்கள். மற்ற இடத்தில் நேராக முப்பது சிட்டிங் பேக்கேஜ் பற்றித்தான் பேச்சு. நான் பத்துக்கு மேல் ஒரே மூச்சில் பணம் கட்டியதில்லை.

இப்போது வலி கிளம்பினால் மட்டும் பத்து நாள் போகிறேன். கடைசியாகப் போனது ஏழு மாதம் முன்பு. எக்ஸ்ரே அன்று போலத்தான் இருக்கிறது. தரையில் சம்மணம் போட இன்னும் முடியவில்லை. ஆனால் இந்த மார்கழியில் வாசலில் குனிந்து கோலம் போட்டேன், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் இறங்குகிறேன்.